சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த தொட்டி

போன வருடம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், மதுரை வில்லாபுரத்தில் உள்ள எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் கணவருக்குத் தனியார் அலுவலகத்தில் வேலை. ஒரே மகன் பெங்களூரில். ஆகவே சண்டை போடுவதற்கும் சமாதானம் ஆவதற்கும் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அந்த வாரம் எங்கள் கழிவறை வேலைநிறுத்தம் செய்தது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் ஒன்றரை வாளியாகத் திரும்பி வந்தது. வழக்கமாக வரும் பிளம்பர் மூங்கில் பட்டையை உள்ளே விட்டுக் குத்திப் பார்த்தார். "அக்கா, உள்ள பைப்பு ஒடைஞ்சிருக்கு. போர்டிகோ, மாடிப்படிக்கு அடி எல்லாத்தையும் ஒடைச்சுத் தோண்டுனாத்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போர்டிகோவுக்கு அந்த வருடம்தான் புது டைல்ஸ் போட்டிருந்தோம். என் கணவர் அந்த டைல்ஸில் செருப்போடு யார் ஏறினாலும் முறைக்கிற ஆள். தோண்ட வேண்டும் என்ற வார்த்தையைக் கேட்டதுமே அவருக்கு முகம் செத்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அவரே காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டார். "மேக்கு வீட்டுக்காரரு காம்பவுண்டுச் சுவருக்குக் குழி தோண்டுனாருல்ல, அப்பத்தான் நம்ம பைப்ப ஒடைச்சிருக்காங்க" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பழி போடுவதற்கு ஆள் கிடைத்துவிட்டால் பாதி பிரச்சினை தீர்ந்த மாதிரி ஒரு நிம்மதி வரும் அல்லவா, அந்த நிம்மதி வந்தது.

மேற்கு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் வீடு கட்டிக் குடிவந்து அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது. கணவர் வங்கி அதிகாரி. மனைவி ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். ஒரே மகள், ஒன்பது வயது.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. புதிதாகக் குடிவருகிறவரிடம் சொந்த ஊர் எது என்று கேட்போம். ஊர்ப் பெயரோடு நிறுத்த மாட்டோம். அந்த ஊரில் எந்தப் பக்கம், எந்தத் தெரு, யார் வீட்டுக்குப் பக்கத்தில் என்று கேட்டுக்கொண்டே போவோம். எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கே சேர்ந்த பிறகுதான் விடுவோம். எதற்காகக் கேட்கிறோம் என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். என் கணவர் கேட்டபோது அந்த மனிதர் சுற்றி வளைக்கவில்லை. "எழுமலை சார். அப்பா அம்மா ரெண்டு பேரும் கூலி வேலைதான். எங்க தெரு ஊருக்கு வெளிய தள்ளி இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அதற்கு மேல் கேட்பதற்கு எங்களுக்கு எதுவும் இல்லை.

நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவெல்லாம் இல்லை. பார்த்தால் சிரிப்போம், மழை வெயில் பற்றிப் பேசுவோம். அவர்கள் வீட்டுப் பால்காய்ச்சுக்குப் பழத்தட்டோடு போனேன். சாப்பிடச் சொன்னபோது விரதம் என்றேன். தீபாவளிப் பலகாரத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன். அது அப்படியே வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் பைக்குள் போகும். "நாங்க அதெல்லாம் பாக்குறதே இல்ல" என்று பள்ளிக்கூடத்தில் சக டீச்சர்களிடம் சொல்லவும் செய்வேன். இந்த வாக்கியத்தை யாராவது தானாக வந்து சொன்னால் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டேன். சாயங்காலம் பள்ளி விட்டு வந்து வாசலில் நின்றேன். கணவர் வர ஒரு மணி நேரம் ஆகும். மேற்கு வீட்டம்மா பார்த்துவிட்டுக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் உள்ளே போயிருந்த நேரத்தில், அப்போது ஏழு வயதாக இருந்த அந்தப் பெண் சமையலறைக்கு ஓடி, குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வந்து நீட்டியது. "டீச்சர், தண்ணி குடிங்க" என்றது. பிள்ளை நீட்டும்போது எப்படி மறுப்பது? ஒரு வாய் குடித்தேன். தண்ணீரில் ஒரு வாடை. லேசானதுதான், ஆனால் தொண்டையில் நின்றது. டம்ளரைப் பாதியிலேயே மேசைமேல் வைத்துவிட்டேன். வெளியே வந்த அம்மா அந்தப் பாதி டம்ளரைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அவரிடம்தான் சொல்லவில்லை. மறுநாள் கிழக்கு வீட்டில் சொன்னேன். பிறகு எதிர் வீட்டில். கோயிலுக்குப் போகும் வழியில் கூட நடந்தவரிடம். எண்ணிப் பார்த்தால் ஆறு வீட்டில் சொல்லியிருக்கிறேன். "அவங்க வீட்டுத் தண்ணியே ஒரு மாதிரி நாறுதுங்க. தொட்டியவே கழுவ மாட்டாங்க போல. எம்புட்டுப் படிச்சு என்ன, பழக்கவழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல." இதுதான் நான் சொன்னது. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். எனக்கும் ஏதோ கண்டுபிடித்துவிட்ட திருப்தி.

அந்தச் சின்னப் பெண்ணுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வரும், காய்ச்சல் வரும், பள்ளிக்கூடம் போகாமல் வாசலில் உட்கார்ந்திருக்கும். அந்த ஐப்பசியில் மஞ்சள் காமாலையே வந்துவிட்டது. முதலில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். கேட்கவில்லை, மருத்துவமனையில் சேர்த்தார்கள். சேர்ப்பதற்கு முந்தின நாள் அந்த அப்பா மகளைத் திட்டுவது சுவர் தாண்டிக் கேட்டது, பானிபூரி தின்றாயா, ஐஸ் தின்றாயா என்று. "நான் திங்கவே இல்லப்பா" என்று அது அழுதுகொண்டே இருந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. வாசலில் நின்ற அந்த அம்மாவிடம், "கண்டதையும் வாங்கிக் குடுக்காதீங்க, சுத்தம் ரொம்ப முக்கியம்" என்று வகுப்பில் சொல்கிற தொனியிலேயே சொன்னேன். அவர் "சரிங்க டீச்சர்" என்றார்.

இந்த நேரத்தில்தான் எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர், தோண்டாமலே சாக்கடைக் குழாயை மாற்றுகிறார்கள் என்று சொல்லி ஒரு நம்பரைக் கொடுத்தார். நான் நம்பவில்லை. என் கணவரோ டைல்ஸ் பிழைக்கும் என்றால் ஏவல் பில்லி சூனியத்தையும் நம்புவார். கூப்பிட்டார். போனில் பேசியவர் விளக்கமாகச் சொன்னாராம். முதலில் கேமராவை உள்ளே விட்டு எங்கே உடைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு பசை ஊறவைத்த நீளமான துணிக்குழாய் ஒன்றைப் பழைய குழாய்க்குள் காற்றடித்துத் தள்ளுவார்கள். தலையணை உறையை உள்வெளியாகத் திருப்புகிற மாதிரி அது பிரிந்துகொண்டே போகும். சூடு கொடுத்தால் சில மணி நேரத்தில் இறுகி, பழைய குழாய்க்குள்ளேயே ஒரு புதுக் குழாய் ஆகிவிடும். ஒரு டைல் கூட அசையாது.

கேமரா என்று கேட்டதும் என் கணவருக்கு இன்னொரு ஆசை வந்துவிட்டது. "அந்த வீடியோவ அப்படியே பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துருங்க. எவிடென்ஸ் வேணும்" என்றார். மேற்கு வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே போட்டுக் காட்டுவதற்கு. இதற்காகவே புதிதாக ஒரு பென்டிரைவ் வாங்கி வைத்தார்.

ஒரு சனிக்கிழமை காலையில் வேனில் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களில் பெரியவர் ஆரப்பாளையத்துக்காரர், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். சென்னையில் பல வருடம் இந்த வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். அவர்கள் சாமான்களை இறக்கும்போது மேற்கு வீட்டு அப்பா துணிப்பையோடு வெளியே வந்தார், கண்ணெல்லாம் சிவந்து. "பிள்ளைக்கு எப்படி இருக்கு சார்?" என்று கேட்டேன். "பரவால்ல டீச்சர். சாயங்காலம் டிஸ்சார்ஜ். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துருவோம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். என் கணவர் அவர் போகும் வரை செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி நின்றார்.

வேலை ஆரம்பித்தது. அழுத்தத்தோடு பீய்ச்சிய தண்ணீரால் அடைப்பை ஓரளவு தள்ளினார்கள். பிறகு எங்கள் கழிவறையில் ஒரு பச்சைச் சாயப்பொடியைக் கரைத்து ஊற்றி, வாளி வாளியாகத் தண்ணீர் விட்டார்கள். ஊற்றின பச்சை தெரு மேன்ஹோலில் வந்து சேர வேண்டும். ஆறு வாளி ஊற்றியும் அங்கே ஏதோ பச்சை மாதிரி லேசாகத்தான் வந்தது. "முக்காவாசி வேற எங்கேயோ போயிருதுண்ணே" என்றார் பெரியவர். என் கணவர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், பார்த்தாயா என்று.

அடுத்து கேமரா. கெட்டியான நீள வயர், நுனியில் நெல்லிக்காய் அளவில் ஒரு கேமரா, அதைச் சுற்றி விளக்கு. ஒரு சின்னப் பெட்டியின் திரையில் படம் தெரிந்தது. பத்தொன்பது வருடமாக எங்கள் காலுக்குக் கீழே இருந்ததை அன்றுதான் பார்த்தேன். பழைய மண் குழாய், இணைப்பு இணைப்பாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று திரை முழுக்கச் சடை சடையாக வேர். பெரியவர், "மரம் எது?" என்று கேட்டார். மேற்குச் சுவரை ஒட்டி எங்கள் பக்கத்தில் நிற்கும் செண்பகம்தான். சாமிக்குப் பூ வேண்டும் என்று என் கணவர் தன் கையால் வைத்தது. எங்கள் தெருவிலேயே அப்படிப் பூக்கிற மரம் கிடையாது. ஏன் அப்படிப் பூத்தது என்று அந்தத் திரையில் தெரிந்துவிட்டது.

அவர்கள் வேரை அறுக்கும் கருவியை உள்ளே விட்டு வழி செய்து, மறுபடி கேமராவைத் தள்ளினார்கள். வேருக்கு அப்பால் குழாய்க்கு அடிப்பாகமே இல்லை. இருட்டாக ஒரு பள்ளம். பச்சைத் தண்ணீர் முன்னால் போகாமல், அந்தப் பள்ளத்தில் இறங்கி ஓரமாக எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. யாரும் குழி தோண்டி உடைத்ததாகத் தெரியவில்லை. எங்கள் மரம், எங்கள் குழாய், எங்கள் சாக்கடை. என் கணவர் திரையை விட்டுக் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டார்.

பெரியவர் கையில் வேறொரு கருவியை வைத்துக்கொண்டு தரைமேல் நடந்தார். கேமரா இருக்கும் இடத்துக்கு மேலே வந்தால் அது சத்தம் போடும். காம்பவுண்டுச் சுவருக்கு ஒட்டினாற்போல் வந்ததும் விடாமல் கத்தியது. அங்கே சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டார். நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். "அண்ணே, இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

என் கணவர் குனிந்து வாளிகளை அடுக்க ஆரம்பித்தார். நான்தான் சொன்னேன். "அவங்க தண்ணித் தொட்டி."

"பொழங்குற தண்ணியாக்கா?"

"குடிக்கிறதும் அதான்" என்றேன்.

ஸ்டூலைப் போட்டு ஏறிச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். தரையோடு தரையாகத் தொட்டியின் இரும்பு மூடி. அதைச் சுற்றி அந்தப் பெண் கலர்ச் சாக்பீஸில் பாண்டிக் கட்டம் போட்டு வைத்திருந்தது. மழையில் பாதி அழிந்திருந்தது. சாக்பீஸ் குறிக்கும் அந்த மூடிக்கும் நடுவே என் கை நீளம்தான் இருக்கும்.

வாஸ்துப்படி சாக்கடைக் குழாய் வடமேற்கு மூலை வழியாக வெளியே போக வேண்டும் என்று நாங்கள் கட்டினோம். தண்ணீர்த் தொட்டி வடகிழக்கு மூலையில் இருக்க வேண்டும் என்று அவர்கள் கட்டினார்கள். எங்கள் வடமேற்கும் அவர்கள் வடகிழக்கும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். ஆறாம் வகுப்புப் பிள்ளை படம் போட்டால் கண்டுபிடித்துவிடும். கணக்கு டீச்சருக்கு நான்கு வருடமாக அது தோன்றவில்லை.

பெரியவர் மெதுவாகச் சொன்னார். "தொட்டி ரொம்பி இருக்கும்போது ஒண்ணும் தெரியாதுக்கா. தண்ணி எறங்குற அன்னைக்குத்தான் உள்ள கசியும். எங்கயாச்சும் ஒரு கீறல் இருந்தாப் போதும். மழை பேஞ்சு தெருச் சாக்கடை எதுக்களிச்சா, தெருப் பூரா உள்ளதும் இந்தப் பைப்பு வழியாத்தான் திரும்பி வரும்."

தொண்டையில் அந்த வாடை வந்து நின்றது, இரண்டு வருடத்துக்கு முந்தின அதே வாடை. அவர்கள் வீட்டு வாடை என்று ஆறு வீட்டில் சொன்னேனே, அது எங்கள் வீட்டு வாடை. ஸ்டூலை விட்டு இறங்கினேன்.

என் கணவர் முதலில் பேசியது இதுதான். "நடுவுல மண்ணு இருக்கு, செவரு இருக்கு. அங்கிட்டுப் போயிருக்கும்னு என்ன நிச்சயம்?" கொஞ்சம் பொறுத்து, "நாளைக்கு உள்ள ஒறை போட்டுட்டா கசிவு நின்னுரும்ல? எங்கயும் தோண்டக்கூட வேணாம்ல? அப்ப விடு. யாருக்கும் தெரியப்போறதில்ல" என்றார். பிறகு பெரியவரிடம், "தம்பி, அந்தப் பென்டிரைவ் வேணாம்ப்பா" என்றார்.

பெரியவர் சாயம் பட்ட கையைத் துடைத்துக்கொண்டே, "நாங்க எங்க வேலைய முடிச்சுக் குடுத்துருவோம்ணே. ஆனா உள்ள போனது போனதுதான். அந்தத் தொட்டிய எறைச்சுக் கழுவாமப் பொழங்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு வேனுக்குப் போய்விட்டார்.

உண்மையைச் சொல்கிறேன். நானும் பேசாமல் இருந்துவிடத்தான் நினைத்தேன். சொன்னால் என்ன ஆகும், தெருவே கூடுமா, போலீசுக்குப் போவார்களா, பள்ளிக்கூடத்தில் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று மனசு ஓடியது. வந்தவர்களுக்குக் காபி போடலாம் என்று சமையலறைக்குப் போனேன். பாத்திரத்தைக் குழாயடியில் பிடித்தபோது அந்த அப்பா காலையில் சொன்னது நினைவுக்கு வந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நான்கைந்து நாளாக யாரும் தொட்டியை நிரப்பியிருக்க மாட்டார்கள், தண்ணீர் இறங்கித்தான் இருக்கும். காமாலை வந்த பிள்ளை நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்புவார். அதுவும் ஓடிப்போய்க் குழாயில் பிடித்துக் குடிக்கும்.

பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். யாரைக் கூப்பிடுவது? அவர்கள் நம்பர் எங்களிடம் இல்லை. நான்கு வருடம், ஒரே சுவர், நம்பர் இல்லை. ஆறு வீட்டு நம்பர் இருந்தது.

எந்த மருத்துவமனை என்று மட்டும் தெருவில் பேசிக்கொண்டதில் தெரியும். கட்டியிருந்த புடவையோடு ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனேன். "வேணாம், நான் சொல்றதக் கேளு" என்று என் கணவர் கேட் வரை வந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வரவேற்பில் இருந்த பெண், "பேஷன்ட் பேரு?" என்று கேட்டாள். வாயைத் திறந்தேன், பேர் வரவில்லை. எனக்குத் தெரியவே தெரியாது. வீட்டில் அதைப் பாப்பா என்று கூப்பிடுவார்கள், நானும் அந்தப் பிள்ளை என்பேன். வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள் என்று நான்கு வகுப்புப் பிள்ளைகளின் பெயரை இனிஷியலோடு சொல்கிறவள் நான். "ஒம்பது வயசு, மஞ்சக் காமாலை, வில்லாபுரத்துல இருந்து வந்தவங்க" என்றேன். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்றாள். "பக்கத்து வீடு" என்றேன்.

மூன்றாவது மாடி வராந்தாவில் அந்த அம்மா நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நலம் விசாரிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "இம்புட்டுத் தூரம் எதுக்கு டீச்சர் அலையுறீங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தெரிந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், வேர், பள்ளம், சாக்பீஸ் குறி, தொட்டி. பெரியவர் சொன்னதையும் சொன்னேன். கடைசியில், "வீட்டுக்குப் போனதும் பிள்ளைய அந்தத் தண்ணியத் தொட விடாதீங்க" என்றேன்.

அவர் கத்தவில்லை. அழவும் இல்லை. இதைத்தான் கேட்டார். "அன்னைக்கு எங்க வீட்டுல பாதித் தண்ணிய வச்சுட்டுப் போனீங்களே டீச்சர். நான் வேற என்னமோன்னு நெனச்சேன். எங்களுக்கு அது பழக்கந்தான், அதான் கேக்கல. அப்பவே நாறுச்சா?"

"ஆமா" என்றேன்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

அவர் நினைத்ததும் பொய் இல்லை, வாடை அடித்ததும் பொய் இல்லை. வேறு யார் வீட்டிலாவது தண்ணீர் நாறியிருந்தால், "தொட்டியப் பாருங்க, என்னமோ செத்துக் கெடக்கும் போல" என்று அங்கேயே சொல்லியிருப்பேன். இவர்கள் வீடு என்றதும் அதற்குக் காரணம் தேட வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. காரணம் முன்பே தெரிந்துவிட்ட மாதிரி நினைத்துக்கொண்டேன். கதவு திறந்திருந்தது. கட்டிலில் அந்தப் பெண் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தது, கண் இன்னும் மஞ்சளாக. என்னைப் பார்த்து, "டீச்சர்" என்று கையாட்டியது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மருந்து வாங்கப் போயிருந்த அப்பா திரும்பி வந்தார். அந்த அம்மா விஷயத்தைச் சொன்னார். மனைவியையும் மகளையும் அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். நான் ஆட்டோவில் பின்னால் போனேன்.

அவர் கேட்டைத் திறந்து நேராகத் தொட்டிக்குப் போய் மூடியைத் தூக்கினார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் வீட்டுக்குள் நான் காலடி வைத்தது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை. தொட்டியில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. போன் வெளிச்சத்தை உள்ளே காட்டினார். எங்கள் பக்கத்துச் சுவரில், மேலிருந்து ஒரு கோடு இறங்கி வந்திருந்தது. பச்சைக் கோடு. காலையில் எங்கள் கழிவறையில் கரைத்து ஊற்றிய அதே பச்சை. அது தண்ணீரைத் தொட்ட இடத்தில் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

அவர் அப்படியே தரையில், அந்தப் பாண்டிக் கட்டத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். "பிள்ளைய அடிச்சேங்க" என்றார். "பானிபூரி தின்னேன்னு ஒத்துக்கன்னு சொல்லி அடிச்சேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் ஏறி என் கணவர் நின்றிருந்தார். அவரும் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டார். சுவர் இருக்கிறது, மண் இருக்கிறது என்று சொன்னவர் இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார், கையில் அந்தப் பென்டிரைவ். வேனுக்குப் போய் வீடியோவை ஏற்றி வாங்கியிருக்கிறார். அதை மேற்கு வீட்டுக்காரரிடம் நீட்டி, "எங்க பைப்புதான் சார். நீங்க எங்க வேணாலும் குடுங்க" என்றார். அந்த மனிதர் அதை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதை எங்கேயும் கொடுத்ததாகத் தெரியவில்லை. திருப்பித் தரவும் இல்லை.

அன்று அவர்கள் மகளை உறவினர் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்ததில் மலக்கிருமி இருப்பதாகத்தான் வந்தது. மறுநாள் அந்த இரண்டு பேரும் எங்கள் குழாய்க்குள் உறையைத் தள்ளிச் சூடு கொடுத்தார்கள். மாலையில் கேமராவில் காட்டினார்கள். பள்ளம் இருந்த இடத்தில் வழுவழுப்பாக, இணைப்பே இல்லாத புதுக் குழாய். ஒரு டைல் அசையவில்லை. என் கணவர் அந்த டைல்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செண்பக மரத்தை ஆள் வைத்து வெட்டினார். அவர்கள் தொட்டியை இறைத்துக் கழுவி, உட்சுவரை மறுபடி பூசி முடிக்க இரண்டு வாரம் ஆனது.

நான் அந்த ஆறு வீட்டுக்கும் போனேன். அன்று நாறியது எங்கள் வீட்டுச் சாக்கடை, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். பழியைச் சுமத்துவதை விட இறக்கி வைப்பது கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று பேருக்கு நான் சொன்னதே மறந்திருந்தது, ஆனால் அவர்கள் வீட்டில் சுத்தம் கிடையாது என்பது மட்டும் மறக்கவில்லை. ஒருவர், "அதுக்கென்ன டீச்சர், இருந்தாலும் அவங்க அப்படித்தான்" என்றார். அந்தப் பேச்சைக் கற்றுக்கொடுத்தவளே நான்தான் என்பதால் என்னால் கோபப்படவும் முடியவில்லை.

தை மாதம் ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெண் தேறியிருந்தது. அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, ஆனால் இப்போது எனக்குத் தெரியும். அந்த அம்மா உள்ளே போய்த் தானே ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "குடிச்சுப் பாருங்க டீச்சர். வாடை இருந்தா சொல்லிருங்க" என்றார். சிரிக்கவில்லை. நான் குடித்தேன். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "இல்லம்மா, நல்லா இருக்கு" என்றேன். அவர் டம்ளரை எடுத்து உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். எங்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அவர் தண்ணீர் கொடுத்தார், நான் குடித்தேன், அவ்வளவுதான்.

இன்றும் யாரைப் பற்றியாவது யாரிடமாவது சொல்ல வாயெடுக்கும்போது அந்தப் பாதி டம்ளர் என் முன்னால் வந்து நிற்கிறது. ஆறு வீட்டில் சொன்ன, தண்ணி நாறுது என்ற அந்த ஒரு வாக்கியத்தைப் பக்கத்து வீட்டில் மட்டும் சொல்லியிருந்தால், ஒரு பிள்ளை தான் தின்னாத பானிபூரிக்காக அடி வாங்கியிருக்காது.